தேத்தண்ணிக்கு முன் ஒரு மணி நேரம்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். வயது 29, நிறை 62 கிலோ. மூன்று வருசத்துக்கு முன் நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், கண் பிதுக்கம் என்று வந்து, தைரொயிட் அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்றார்கள். அதை அடக்கும் கார்பிமசோல் குடித்தேன்; நிறுத்தியதும் திரும்ப வந்தது. 16 மாதத்துக்கு முன் கண்டியில் ஒப்பரேசன் செய்து தைரொயிட்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். தைரொக்சின் 50 மைக்ரோகிராம் குளிசை தினம் இரண்டு தந்தார்கள். முதல் ஆறு மாதம் நன்றாக இருந்தேன். பிறகு இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும் தந்தார்கள். இப்போது ஒரே அசதி. குளிர் தாங்க முடியவில்லை. முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், மாதவிடாயும் அதிகம். டி.எஸ்.எச். 14 என்று இரண்டரைக் குளிசை ஆக்கினார்கள். போன மாதம் 22; இப்போது மூன்று குளிசை. விடிய தேத்தண்ணியோடு எல்லாக் குளிசையையும் ஒன்றாகப் போட்டுவிட்டு மலைக்குப் போகிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. நோயுள்ளதை வெட்டி எடுத்த பிறகு எதற்குக் குளிசை, கொஞ்ச நாள் நிறுத்திப் பார் என்கிறார் மாமியார். கோவா (முட்டைக்கோஸ்) சாப்பிடவே கூடாது என்கிறார் பக்கத்துக் காம்பரா அக்கா. எங்களுக்குப் பிள்ளை வேண்டும். இந்தக் குளிசை பிள்ளையைப் பாதிக்குமா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை ஒரு வரியில் நின்றுவிட்டேன். "விடிய தேத்தண்ணியோடு எல்லாக் குளிசையையும் ஒன்றாகப் போட்டுவிட்டு." உங்கள் அசதிக்கும் குளிருக்கும், 22 என்று வந்த அந்த இலக்கத்துக்கும் காரணம் பெரும்பாலும் இந்த வரிக்குள்தான் இருக்கிறது. ஒரு நாளும் குளிசையை விட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே நம்புகிறேன். தவறாமல் விழுங்குகிறீர்கள், ஆனால் விழுங்கியது இரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் அந்த இலக்கம் என்ன என்று சொல்கிறேன். டி.எஸ்.எச். தைரொயிட்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் கபச்சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. தைரொயிட் சுரக்கும் தைரொக்சின் இரத்தத்தில் குறைந்தால், "இன்னும் சுர" என்று தைரொயிட்டுக்கு அது அனுப்பும் ஓமோன்தான் டி.எஸ்.எச். உங்களுக்குத் தைரொயிட் இல்லை. ஆனாலும் கபச்சுரப்பி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய இலக்கம் 22 வரை ஏறியிருக்கிறது என்றால், உடம்பு தைரொக்சினுக்காகக் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் கம்பளியை மடித்து வைத்த பிறகும் உங்களுக்கு மட்டும் குளிர்வது மலைக்காற்றால் மட்டும் இல்லை.

அடுத்தது கணக்கு. தைரொயிட் முழுதாக இல்லாத ஒருவருக்கு ஒரு கிலோ நிறைக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில் தைரொக்சின் தேவைப்படும். உங்கள் 62 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள், 99 வரும். அதாவது ஆரம்பத்தில் தந்த இரண்டு குளிசை, 100 மைக்ரோகிராம், உங்களுக்குச் சரியான அளவு. முதல் ஆறு மாதம் நன்றாக இருந்ததும் அதனால்தான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடிக் குறையலாம். ஆனால் 150 குடித்தும் போதவில்லை என்று உடம்பு சொன்னால், குளிசை எங்கே போகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

எங்கே போகிறது? சிறுகுடலில் தைரொக்சின் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் தனியாகக் குடித்தாலே ஏறக்குறைய 70 முதல் 80 வீதம்தான் உள்ளே போகும். இரும்புச்சத்துக் குளிசை கூடவே போனால் இரும்பு தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒட்டிக் கரையாத பொருளாகி, குடலைக் கடந்து வெளியே போய்விடும். கல்சியம் குளிசையும் இப்படித்தான். தேத்தண்ணி, கோப்பி, பால் ஆகியவையும் உறிஞ்சலைக் குறைக்கும், ஆனால் இரும்பு அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால், முதல் ஆறு மாதமும் தேத்தண்ணியோடுதான் குடித்திருப்பீர்கள் போலிருக்கிறது. அப்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரும்புக் குளிசை வந்த பிறகுதான் டி.எஸ்.எச். ஏறத் தொடங்கியிருக்கிறது. அந்த வரிசையை நீங்களே தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தைரொக்சின் குறைந்தால் பல பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகமாகும். அதிகம் போனால் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்தால் இரும்புக் குளிசை தருவார்கள். அதைத் தைரொக்சினோடு சேர்த்துப் போட்டால் தைரொக்சின் இன்னும் குறையும். திரும்ப மாதவிடாய் அதிகமாகும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை ஏற்கெனவே அதிகம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணி இரும்பையும் உறிஞ்ச விடாது. ஆக விடியற்காலையில் நீங்கள் போடும் மூன்று பொருளும் ஒன்றையொன்று வீணாக்கிக்கொண்டிருக்கின்றன. இரும்பை நிறுத்தக் கூடாது. உங்களுக்கு அது தேவை. நேரத்தைப் பிரித்தால் போதும்.

நான் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். தோட்டத்துக் காலை எப்படி விடியும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குளிரில் முதல் வேலை அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைப்பதுதான். "தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரம் முன்" என்று கிளினிக்கில் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்பவர்கள் யோசிப்பதில்லை. ஆனாலும் உங்கள் காலையில் அந்த ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். குளிசையையும் ஒரு போத்தல் தண்ணியையும் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுங்கள். நாலரைக்குக் கண் விழித்ததும், எழுந்து உட்கார்ந்து, வெறும் தண்ணியில் தைரொக்சினை விழுங்கிவிடுங்கள். பிறகு தண்ணி பிடிப்பது, அடுப்பு மூட்டுவது, ரொட்டி தட்டுவது, சம்பல் இடிப்பது, பகலுக்குச் சோறு கட்டுவது எல்லாம் நடக்கட்டும். ஐந்தரைக்குத் தேத்தண்ணி குடிக்கலாம். நடுவில் குளிர் தாங்காவிட்டால் சுடுதண்ணி குடியுங்கள், அதில் சீனியோ பாலோ வேண்டாம். ஒரு மணி நேரம் முடியவே முடியாத நாளில் அரை மணி நேரமாவது விடுங்கள். இன்று அரை மணி, நாளை ஒன்றரை மணி என்று ஆடாமல், தினமும் ஒரே மாதிரி இருந்தால் அதற்கேற்ப அளவைச் சரிசெய்ய முடியும்.

இரவில் குடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தென்றால் தாராளமாகக் குடிக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுக்கும் வீட்டில் அது சரிவராது. உங்களுக்குக் காலையே நல்லது.

இரும்புக் குளிசையைத் தைரொக்சினுக்கு நாலு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இரவு படுக்கும்போது குடிப்பது சுலபம். அந்த நேரத்தில் தேத்தண்ணியும் இருக்காது. கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் இரும்பு இன்னும் நன்றாக உறிஞ்சும். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் குடிப்பவராக இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். நம் ஆட்கள் கேஸ்ட்ரைட்டிஸ் என்று மாதக்கணக்கில் அதைக் குடித்துவிட்டு, கேட்கும்போது மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வயிற்று அமிலம் குறைந்தால் தைரொக்சின் உறிஞ்சுவதும் குறையும்.

இப்போது சொல்லப் போவதை நன்றாகக் கவனியுங்கள். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நீங்கள் இப்போது தினம் 150 குடிக்கிறீர்கள். நாளையிலிருந்து சரியான முறையில் குடிக்கத் தொடங்கினால், இதுவரை வீணாய்ப் போனதும் உள்ளே போகும். உங்கள் நிறைக்கு 150 அதிகம். சில வாரத்தில் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். முன்பு கிரேவ்ஸில் வந்த அதே அறிகுறிகள். "ஐயோ, திரும்ப வந்துவிட்டது" என்று பயந்து குளிசையையே நிறுத்திவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. தைரொயிட்டை முழுதாக எடுத்த பிறகு அப்படி வந்தால், முதலில் குளிசை கூடிவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும். அளவைக் குறைத்தால் அடங்கும். ஆகவே நேரத்தை மாற்றும் அதே வாரத்தில் கிளினிக் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். 150ஐத் தொடர்வதா, பழைய 100க்கே போவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். போய்ச் சேர ஓரிரு வாரம் தாமதமானாலும் ஆபத்தில்லை. நீங்களாகக் குறைக்க வேண்டாம். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நீண்ட காலம் தைரொக்சின் கூடுதலாக இருந்தால் நெஞ்சுத்துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பும் தேயும்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு அம்மாவின் முகம் ஞாபகம் வருகிறது. பல வருசத்துக்கு முன், வாசலைத் தாண்டி வரிசை நிற்கும் ஒரு கிளினிக்கில் வேலை செய்தேன். அவருக்கு டி.எஸ்.எச். கூடிய போதெல்லாம் நானும் குளிசையைக் கூட்டினேன். மூன்றாம் தடவைதான், "எதோடு குடிக்கிறீங்க அம்மா?" என்று கேட்டேன். கல்சியம் குளிசையோடு என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் கேட்காததால் அவர் ஒரு வருசம் வீணாகக் கஷ்டப்பட்டார். அன்றிலிருந்து டி.எஸ்.எச். இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.

சரி, மாமியார் சொல்வதற்கு வருவோம். அவர் கேட்பது நியாயமான கேள்விதான். நோயுள்ளதை வெட்டி எடுத்தாயிற்று, பிறகு எதற்கு மருந்து? கிரேவ்ஸ் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, தைரொயிட்டைத் தூண்டும் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. டப்ளின் நகரத்து வைத்தியர் ரொபர்ட் கிரேவ்ஸ் 1835இல் இந்த நோயை விவரித்ததால் அவர் பெயர் வந்தது. ஒப்பரேசனில் அந்தத் தூண்டுதலுக்கு ஆடிக்கொண்டிருந்த சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அதோடு உடம்புக்குத் தைரொக்சின் தந்துகொண்டிருந்த ஒரே இடமும் போய்விட்டது. நீங்கள் குடிப்பது கிரேவ்ஸ் நோய்க்கு மருந்து இல்லை. உங்கள் தைரொயிட் தினமும் சுரந்த அதே பொருளைத்தான் வெளியிலிருந்து போடுகிறீர்கள். வீட்டுக் கிணறு மூடிப்போனால் குடிதண்ணியை வெளியிலிருந்துதானே கொண்டுவருவோம், இந்தக் குளிசையும் அப்படித்தான் என்று மாமியாருக்குச் சொல்லுங்கள்.

இந்தக் குளிசை இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லலாம். சுவிட்சர்லாந்தும் மலைநாடுதான், அங்கே கழலை நோய் நிறைய இருந்தது. பேர்ன் நகரத்தில் தியோடர் கொக்கர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நூற்றுக்கணக்கில் தைரொயிட் ஒப்பரேசன் செய்தார், கை தேர்ந்தவர். ஆனால் முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களைச் சில வருசம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தபோது, பலர் முகம் வீங்கி, பேச்சும் நடையும் மந்தமாகி, குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தார்கள். 1883இல் அதை அவரே மறைக்காமல் அறிவித்தார். தைரொயிட் எதற்கு இருக்கிறது என்று உலகம் புரிந்துகொண்டதில் அந்த நோயாளிகளின் துன்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1909இல் கொக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1891இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மரி என்ற இளம் வைத்தியர், தைரொயிட் வேலை செய்யாமல் வீங்கிப்போயிருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தார். அந்தப் பெண் எழுந்து நடமாடி, 28 வருசம் வாழ்ந்து, 1919இல்தான் இறந்தார். நம் கையில் இருக்கும் சின்ன வெள்ளைக் குளிசைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

"நிறுத்திப் பார்" என்பதில் ஒரு பொறியும் உண்டு. தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழு நாள் பிடிக்கும். இன்று நிறுத்தினால் நாளை ஒன்றும் தெரியாது. முதல் வாரம் வழக்கம் போலவே இருப்பீர்கள். "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். மூன்று நாலு வாரத்தில் உடம்பு மெல்ல மெல்ல இறங்கும். மாதக்கணக்கில் விட்டவர்களுக்கு, நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் மார்கழி தைக் குளிரில் ஒரு நெஞ்சுச்சளி வந்தாலே போதும், உடம்பு சூடு இறங்கி, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். மாமியாரிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். உங்கள் நெஞ்சு படபடத்த நாட்களை அவரும்தான் பார்த்திருக்கிறார், பயந்துதான் கேட்கிறார்.

அதே ஏழு நாள் கணக்கு உங்களுக்கு உதவியாகவும் இருக்கும். திருவிழாவோ பயணமோ வந்து ஒரு நாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஞாபகம் வந்ததும் குடியுங்கள். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தால் அன்றைய குளிசையோடு சேர்த்துக் குடிக்கலாம். வாரக்கணக்கில் விட்டதையெல்லாம் ஒரேயடியாக ஈடுகட்டப் போகாதீர்கள். அளவை மாற்றிய உடனேயே பரிசோதனை செய்யாமல் ஆறு வாரம் விடச் சொல்வதற்கும் காரணம் இதுதான். இரத்தத்தில் புதிய அளவு நிலைக்க அவ்வளவு காலம் தேவை.

குளிசையை எங்கே வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் தருவதை அப்படியே அடுப்புக்கு மேல் தட்டில் வைப்பதைப் பல காம்பராக்களில் பார்த்திருக்கிறேன். தைரொக்சினுக்குச் சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றுமே ஆகாது. மலைநாட்டில் மழை மாதங்களில் உப்புக்கூட கசியும், குளிசை மட்டும் தாங்குமா? நன்றாக மூடக்கூடிய, வெளிச்சம் புகாத ஒரு சின்ன டப்பாவில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். வேறு கம்பனிக் குளிசை தந்தால் திகதியைக் குறித்துக்கொண்டு, ஆறு வாரத்தில் பரிசோதனை கேளுங்கள்.

கழுத்தில் தைரொயிட்டுக்குப் பின்னால் நாலு சின்னப் பாராதைரொயிட் சுரப்பிகள் உண்டு. கல்சியத்தைப் பார்த்துக்கொள்வது அவைதான். ஒப்பரேசனில் சில பேருக்கு அவையும் அடிபடும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல விறைத்தால், அல்லது கை கோணி இழுத்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுத்த பரிசோதனையில் கல்சியத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கண் பிதுக்கம் தைரொயிட்டை எடுத்ததாலேயே முழுதாகப் போகாது. தைரொக்சின் கூடினாலும் குறைந்தாலும் கண் மோசமாகலாம், ஆகவே அளவு சரியாக இருப்பது கண்ணுக்கும் நல்லது. சிகரட் புகை இந்தக் கண் நோய்க்கு மிகவும் கெடுதல். வீட்டுக்காரர் புகைப்பவராக இருந்தால் உங்களுக்காகவாவது காம்பராவுக்கு வெளியே போகச் சொல்லுங்கள். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நிறம் மங்கினாலோ உடனே கண் டொக்டரிடம் காட்டுங்கள்.

முடி கொட்டுவதற்குத் தைரொக்சின் குறைவும் இரத்தக் குறைவும் சேர்ந்தே காரணமாக இருக்கும். இரண்டும் சரியானால் சில மாதத்தில் முடி வளரும். அதற்குள் பாமசியில் முடிக்கு என்று விற்கும் விற்றமின் வாங்கிக் குடித்தால், அதில் பயோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். பயோட்டின் உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் சில ஆய்வுகூடங்களில் இரத்தப் பரிசோதனையைக் குழப்பி, டி.எஸ்.எச். குறைந்தும் தைரொக்சின் கூடியும் இருப்பதாகப் பொய்யாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

இனிப் பிள்ளை. இந்தக் கேள்வியைக் கடைசி வரியில் எழுதியிருந்தாலும் உங்கள் மனதில் முதலில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். தைரொக்சின் பிள்ளையைப் பாதிக்காது. அது இல்லாமல் போவதுதான் பாதிக்கும். வயிற்றில் முதல் மூன்று மாதம் பிள்ளைக்குச் சொந்தத் தைரொயிட் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. மூளை வளர்வதற்குத் தேவையான தைரொக்சினைப் பிள்ளை அம்மாவிடமிருந்துதான் எடுக்கும். டி.எஸ்.எச். 22ஆக இருக்கும்போது கரு தங்குவதும் கஷ்டம், தங்கினாலும் கலைய வாய்ப்பு அதிகம். ஆகவே டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இறங்கும் வரை கொஞ்சம் பொறுங்கள். அதுவரை என்ன கருத்தடை பொருத்தம் என்று மருத்துவமாது மிஸ்ஸியிடம் கேளுங்கள். சரியாகக் குடித்தால் சில மாதத்தில் அந்த நிலைக்கு வந்துவிடலாம். நீங்கள் 29 வயதுக்காரி, காலம் இருக்கிறது.

கரு தங்கிய பிறகு தைரொக்சின் தேவை நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடும், அதுவும் முதல் வாரங்களிலேயே. முதல் கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. பல நாடுகளில் பின்பற்றும் ஒரு சுலபமான முறை உண்டு. நாள் தள்ளி, கர்ப்பம் என்று தெரிந்த உடனே, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அன்றைய அளவை இரட்டிப்பாகக் குடிப்பது. ஏழு நாள் பங்குக்குப் பதில் ஒன்பது நாள் பங்கு. இதை இப்போதே உங்கள் டொக்டரிடம் கேட்டு, உங்களுக்குப் பொருந்தும் என்றால் கிளினிக் கொப்பியில் அவர் கையாலேயே எழுதி வாங்கி வையுங்கள். பிறகு முதல் பாதிக் காலம் நாலு வாரத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், 30 வாரம் அளவில் இன்னொரு தடவை. பிள்ளை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பலாம். தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கர்ப்பவதிக் கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் தருவார்கள், திரிபோஷாவும் தருவார்கள். திரிபோஷாவில் சோளத்தோடு சோயாவும் சேர்ந்திருக்கிறது. சோயா தைரொக்சின் உறிஞ்சுவதைக் குறைக்கும். கட்டாயம் சாப்பிடுங்கள், அதைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். கல்சியம் பகல் சாப்பாட்டோடு, இரும்பு இரவில். காலை தைரொக்சினுக்கு மட்டும்.

இன்னொன்று, பல பேர் தவறவிடும் விசயம். தைரொயிட் இல்லாவிட்டாலும் அந்தப் பிறபொருளெதிரிகள் சில பேருடைய இரத்தத்தில் வருசக்கணக்கில் இருக்கும். தூண்டுவதற்கு உங்களிடம் சுரப்பி இல்லை. ஆனால் அவை நச்சுக்கொடி வழியாகப் போய்ப் பிள்ளையின் தைரொயிட்டைத் தூண்டலாம். உங்கள் டி.எஸ்.எச். சரியாகவே இருக்கும், பிள்ளையின் நெஞ்சு மட்டும் வேகமாக அடிக்கும். அதனால், "எனக்குத் தைரொயிட் குறைவு" என்று மட்டும் சொல்லாமல், "கிரேவ்ஸ் நோய்க்காகத் தைரொயிட்டை எடுத்தார்கள்" என்று முழுதாகச் சொல்லுங்கள். அப்போதுதான் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே அந்தப் பிறபொருளெதிரியைப் பரிசோதிப்பார்கள், தேவையென்றால் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

கோவா சாப்பிடுங்கள். கோவா, நோக்கோல், ராபு போன்ற மரக்கறிகள் அயடின் எடுப்பதைத் தடுத்துத் தைரொயிட்டைத் தொந்தரவு செய்யும் என்ற பேச்சு, தைரொயிட் இருப்பவர் அளவுக்கு மீறிப் பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றியது. உங்களுக்கு அந்தச் சுரப்பியே இல்லை. மலைநாட்டில் இருந்துகொண்டு கோவாவை விட்டால் மலச்சிக்கல்தான் கூடும். அயடின் உப்பைக் கூட்டிச் சாப்பிட்டாலும் உங்களுக்குத் தைரொக்சின் ஊறாது. ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கும், பிறக்கப் போகும் பிள்ளைக்கும் அயடின் தேவை. ஆகவே உப்பை மாற்ற வேண்டாம்.

கிளினிக்குக்கு ஒரு நாள் போவதென்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போகும், பஸ் காசும் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போகும் ஒரு நாளில் எல்லாப் பரிசோதனையும் முடிய வேண்டும். இரத்தம் எடுக்கும் காலையில் மட்டும் தைரொக்சினைக் குடிக்காமல் கையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு குடியுங்கள். குடித்த சில மணி நேரம் இரத்தத்தில் தைரொக்சின் உயர்ந்து நிற்கும், முடிவு குழம்பும். கீழே உள்ளதைக் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். அதில் எப்.டி.4 என்பது இரத்தத்தில் இருக்கும் தைரொக்சினைப் பார்க்கும் பரிசோதனை. டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடமோ மிஸ்ஸியிடமோ சொல்லிச் சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். திகதியை மட்டும் நீங்கள் நிரப்ப வேண்டும்.

"டொக்டர், கிரேவ்ஸ் நோய்க்காக எனக்கு முழுத் தைரொயிட்டும் எடுக்கப்பட்டது. தைரொக்சின் 150 மைக்ரோகிராமை இதுவரை இரும்புக் குளிசையோடும் தேத்தண்ணியோடும் குடித்து வந்தேன். ........ திகதியிலிருந்து வெறும் வயிற்றில் தனியாகக் குடிக்கிறேன், இரும்பை இரவுக்கு மாற்றிவிட்டேன். என் நிறை 62 கிலோ. அளவைக் குறைக்க வேண்டுமா? ஆறு வாரத்தில் டி.எஸ்.எச்., எப்.டி.4, கல்சியம், ஹீமோகுளோபின் நாலையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எங்களுக்குப் பிள்ளை வேண்டும்."